ஒரே நிருபத்தை முப்பது நாள் வாசித்துப் பாருங்கள்

வேதாகமத்தை ஒரே ஆண்டில் முடித்துவிட வேண்டும் என்று ஜனவரியில் தொடங்கி, அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தை எட்டும்போது நின்றுவிடுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. விசுவாசத்தில் முன்னேற விரும்புகிறவர்கள், அளவைக் குறைத்து ஆழத்தைக் கூட்டும் இந்த முறையை முயன்று பார்க்கலாம்.

அப்போஸ்தலனாகிய பவுல் சிறைக்காவலில் இருந்தபோது பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தில் 4 அதிகாரங்களும் 104 வசனங்களுமே இருப்பதால், அதை ஒரே அமர்வில் வாய்விட்டு வாசித்துவிடலாம். முதல் வாரம் தினமும் முழு நிருபத்தையும் அவ்வாறே வாசியுங்கள். (இன்று நாம் காணும் வசன எண்கள் 1551-இல் வெளியான கிரேக்கப் பதிப்பிலிருந்து வந்தவை, பிலிப்பி சபையார் இதை ஒரு முழுக் கடிதமாகவே கேட்டார்கள்.) அடுத்த வாரங்களில் நாளுக்கு ஓர் அதிகாரம் போதும், ஆனால் அதில் ஒரு கட்டளையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, அன்றைய தினத்தில் அதைச் செய்ய முயல வேண்டும்.

உதாரணமாக, முறுமுறுப்பில்லாமல் எல்லாவற்றையும் செய்யச் சொல்லும் 2:14-ஐ எடுத்துக்கொண்டால், எந்த நேரத்தில், யாரிடம், எதற்காக முறுமுறுத்தோம் என்பதை இரவில் ஒளிவுமறைவின்றி எழுதி, அதையே ஜெபமாக்குங்கள். என் கருத்தில், வாசிப்பைவிட இந்தப் பகுதியே கடினமானது. தவறவிட்ட நாட்களை ஈடுகட்டப் பார்க்காமல் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். பின்னானவைகளை மறந்து முன்னானவைகளை நாடுவதாகப் பவுலும் இதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார்.