நிறத்தை விடுங்கள், நடையைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கோ மணக்குடிக் காயலுக்கோ பறவை பார்க்கப் போகிறீர்களா? முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள். வெயிலுக்கு எதிரே நின்றால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்.

பறக்கும்போது கழுத்தைக் கவனியுங்கள். கொக்கும் சாம்பல் நாரையும் கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் கழுத்தை முன்னால் நீட்டியே பறக்கும். கூழைக்கடாவும் கழுத்தை மடக்கும், ஆனால் அந்தப் பெரிய அலகும் குட்டைக் காலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சேற்றிலும் உப்பளத்திலும் ஓடும் சின்னப் பறவைகள்தான் புதியவர்களைக் குழப்பும். குட்டை அலகு, பெரிய கண், நாலடி ஓடிச் சட்டென நின்று ஒரு கொத்து, மறுபடி ஓட்டம்: அது உப்புக்கொத்தி. கண்ணால் பார்த்து இரை பிடிப்பதால்தான் அந்த நிற்றல். உள்ளான் அப்படி நிற்காது. அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே போகும். அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டும் கலந்தே மேயும், அதனால் ஒரு பறவையை மட்டும் இரண்டு நிமிடம் பாருங்கள், போதும்.

கடற்கரையில் அலகைக் கீழே தொங்கவிட்டுப் பறந்து, தண்ணீரில் தலைகுப்புறப் பாய்ந்தால் ஆலா. கடற்காகம் பெரும்பாலும் மிதந்தோ கரையில் கிடப்பதைப் பொறுக்கியோ தின்னும்.

அப்புறம், மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பது தகைவிலான். பனையைச் சுற்றிச் சுற்றிப் பறப்பது பனை உழவாரன். அதன் காலுக்குக் கம்பியில் உட்கார வராது, ஓலையில் தொற்றிக்கொள்ளத்தான் வரும்.