படுக்கையறைக்கு 5.1 ஸ்பீக்கர்: முதலில் கட்டில், அப்புறம் கடை

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் படுக்கையறை என்றால் பெரும்பாலும் 10க்கு 12 அடி, இல்லாவிட்டால் 10க்கு 10. அதற்குள் ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, மேலே பரண். 5.1 என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கு, அதாவது கனத்த தாழ்ந்த ஒலிக்கு, சப்வூஃபர் என்ற தனிப் பெட்டி. எது எங்கே வரும் என்று முடிவு செய்யாமல் இந்த ஹோம் தியேட்டரை வாங்கி வந்தால், பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பீரோ மேல்தான் போய் உட்காரும்.

1. கட்டிலை நிறுத்துங்கள்

டிவி கால்மாட்டுச் சுவரின் நடுவில், கட்டில் அதற்கு நேர் எதிரே. தலைமாட்டைச் சுவரோடு ஒட்ட வேண்டாம், ஒரு அடியாவது இழுத்துப் போடுங்கள். சுவரை ஒட்டித்தான் பாஸ் குவியும். தலை அங்கேயே இருந்தால் வசனம் கூட மத்தளம் மாதிரி கேட்கும்.

அறை 10க்கு 10, உயரமும் 10 அடி என்றால் கொஞ்சம் கஷ்டம். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ் ஒலிதான் முட்டி மோதி எழும்பும். அந்த ஒரு சுருதி மட்டும் வீங்கி நிற்கும். வெறும் டைல்ஸ் தரை எதிரொலியையும் சேர்த்துவிடும். கோரைப்பாய் விரித்தால் போதாது, அது மெல்லிசு. கனமான ஜமுக்காளம், இலவம்பஞ்சு மெத்தை, தடித்த திரைச்சீலை இருந்தால் கூர்மையான எதிரொலி அடங்கும். ஆனால் பாஸுக்கு இவை எதுவும் பெரிதாக உதவாது. அதற்கு சப்வூஃபரின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கட்டிலை மூலையில்தான் போட முடியும் என்றால் 5.1 ஆசையை விட்டுவிடலாம். சப்வூஃபரோடு வரும் நல்ல 2.1 அல்லது 3.1 சவுண்ட் பாரே மேல்.

2. கடையில் கேட்க வேண்டியது

அட்டைப் பெட்டியில் 5.1 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை ஆக்ஸ் துளையும் யூஎஸ்பியும் புளூடூத்தும் மட்டும்தானா? அப்படியானால் டிவியிலிருந்து அதற்குள் போவது வெறும் இரண்டு சேனல், அதாவது இரண்டு தனி ஒலித்தடம். அதையே ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ஸ்பீக்கருக்கு அனுப்பும் வழி) அல்லது ஆப்டிகல் துளையும், டால்பி டிஜிட்டலை (5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பிரிக்கும் வசதியும் இருக்க வேண்டும். டிவியிலும் ஏஆர்சி என்று எழுதிய துளை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

பி.எம்.பி.ஓ என்று ஊதிப் போடும் வாட் கணக்கை நம்பாதீர்கள், தொடர்ந்து தரும் திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ் கேளுங்கள். இந்த அளவு அறைக்குச் சேனலுக்கு 20 முதல் 30 வாட் ஆர்.எம்.எஸ், 8 அங்குல சப்வூஃபர் தாராளம்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸுக்காக மேல்நோக்கி அடிக்கும் ஸ்பீக்கர் வாங்குபவர்கள் கூரையைப் பார்க்க வேண்டும். தட்டையான கான்கிரீட் தளம் சரி. ஓட்டு வீட்டிலும், உத்திரம் ஓடும் பழைய மெட்ராஸ் தளத்திலும் ஒலி சரியாகத் திரும்பி வராது, காசு வீண்.

3. முன் மூன்று

தலையணையிலிருந்து டிவி 9 அடி தூரம் என்றால், இடது வலது ஸ்பீக்கர்களுக்கு இடையே ஏழரை முதல் எட்டரை அடி. நடு ஸ்பீக்கரான சென்டர் டிவிக்கு நேர் கீழே, அலமாரி விளிம்புக்கு முன்னால் தள்ளி, முகத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து. உள்ளே தள்ளி வைத்தால் வசனம் பொந்துக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

4. பின் இரண்டு

படுக்கையறையில் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். கட்டிலுக்குப் பின்னால் இடமே கிடையாது, ஆகவே பக்கச் சுவர்கள். சாய்ந்து உட்கார்ந்தால் காது எங்கே வருகிறதோ அதற்கு நேராக, அல்லது ஒரு அடி பின்னால். உயரம் தரையிலிருந்து ஐந்து, ஐந்தரை அடி. காது மட்டத்திலேயே மாட்டினால் ஓரத்தில் படுத்திருப்பவர் தலை மறுபக்கத்தாருக்கு ஒலியை மறைக்கும், அவர் காதிலோ நேராகக் கத்தும்.

ஒரு பக்கம் ஜன்னல் குறுக்கிட்டால் இரண்டையும் சேர்த்துத் தலைமாட்டுச் சுவரின் மூலைகளுக்கு மாற்றுங்கள். ஒன்று பக்கவாட்டில், ஒன்று பின்னால் என்று கலக்கக் கூடாது.

துளை போடும்போது சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் கை வைக்காதீர்கள், உள்ளே மின்கம்பி ஓடும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சின்ன பிளக் நிற்காது; 8 மில்லிமீட்டர் பிளக், காரையைத் தாண்டி செங்கலுக்குள் போகும் நீள ஸ்க்ரூ போடுங்கள்.

5. சப்வூஃபர்

சப்வூஃபரைத் தூக்கித் தலையணை இடத்தில் வையுங்கள். ஒரு தவில் தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டு, கால்மாட்டுச் சுவரோரம் தரையில் தவழ்ந்து கேளுங்கள். தொப்பிப் பக்க அடி ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கேட்கிற இடம் எதுவோ, அங்கேதான் சப்வூஃபர். வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதைவிட எளிய வழி இல்லை.

எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லைதான் கிராஸ்ஓவர். சின்ன 3 அங்குல சாட்டிலைட் ஸ்பீக்கருக்கு அது 120 முதல் 150 ஹெர்ட்ஸ், பெரிய ஸ்பீக்கருக்கு 80. 120க்கு மேல் வைத்தால் சப்வூஃபர் இருக்கும் திசை காதுக்குத் தெரிந்துவிடும், அதனால் அது முன்பாதியை விட்டு நகரக் கூடாது.

அடுத்தது பீரோ. சத்தம் கூட்டியதும் கைப்பிடி, கண்ணாடி, தொங்கும் சாவிக்கொத்து, பரணில் அடுக்கிய பித்தளைப் பாத்திரம் எல்லாம் கிணுகிணுக்கும். ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள், எதைத் தொட்டதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கதவு விளிம்பில் ஃபெல்ட் ஒட்டுங்கள், பாத்திரங்களுக்கு நடுவே துணி வையுங்கள்.

6. வயர்

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், வேண்டாம். எலி கடிக்காமல் கேசிங் பட்டிக்குள் ஓட்டுங்கள். சிவப்பு, கறுப்பு இரு முனையிலும் மாறாமல் இருக்கட்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பாஸ் காணாமல் போகும், பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் அலையும்.

7. அளவு வைத்தல்

மின்விசிறியை நிறுத்துங்கள். கோயில் குழாய் ஒலிபெருக்கியும் பம்ப்செட்டும் ஓடாத நேரம் பாருங்கள். ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப்பால் அளந்து கொடுங்கள். பின் ஸ்பீக்கர் 5 அடியில், முன் 9 அடியில் இருந்தால் பின் ஒலி ஏறக்குறைய மூன்றரை மில்லி விநாடி முந்தி வரும். இந்தக் கணக்கு அதைச் சரிசெய்கிறது. பிறகு டெஸ்ட் டோன் போட்டு, தலையணை மேல் போனை வைத்து, ஒலி அளவு ஆப்பில் ஐந்தும் 70 டெசிபலைச் சுற்றி ஒன்றாக வரும்படி வையுங்கள். தூரம் கொடுக்கும் வசதி இல்லாத பெட்டியில், அதற்குப் பிறகு பின் ஸ்பீக்கர்களை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். இரவில் திடீர்ச் சத்தத்தை அடக்கும் நைட் மோட் போட்டு, சென்டரை மட்டும் இரண்டு டெசிபல் ஏற்றினால் பக்கத்து அறையில் தூங்குபவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

ம்ம்ம் என்ற இரைச்சல் வந்தால்

முதலில் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அதன் வழியாக வரும் எர்த் சுற்றுதான் காரணம், கேபிளுக்கு அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போட வேண்டும். கரண்ட் போன நேரத்தில் மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை. சைன் வேவ் இன்வெர்ட்டரில் வராது.

ஐப்பசி, கார்த்திகை மழையில்

டெல்டா வீடுகளில் சுவரின் கீழ் இரண்டு மூன்று அடி ஓதம் ஏறி உப்புப் பூக்கும். சப்வூஃபர் பெட்டி மரத்தூள் பலகை, ஈரம் பட்டால் அடி ஊதிவிடும். சுவரிலிருந்து அரை அடி தள்ளி, ரப்பர் கால் வைத்து இரண்டு அங்குலம் தூக்கி வையுங்கள். வாரத்துக்கு இரண்டு முறையாவது அரை மணி நேரம் ஓடட்டும், அந்தச் சூட்டில் ஆம்ப்ளிஃபயர் காயும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போலக் கடலோரமாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை வயர் முனையில் பச்சையாகப் பூத்த பகுதியை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கி மாட்டுங்கள்.