பையில் வைத்த லேப்டாப் சுடுகிறதா?

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், நாலு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வீடு வரும்வரை தூக்கம்தான். ஒரு நாள் சாயங்காலம் தவளக்குப்பம் தாண்டியபோது மடியில் இருந்த பை ஒத்தடம் கொடுப்பது போல் சுட்டது. சாப்பாட்டு டப்பாவாக இருக்கும் என்று தொட்டுப் பார்த்தேன். அது மதியமே காலி. ஜிப்பைத் திறந்தால் லேப்டாப்பின் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் 90 சதவீதம் இருந்த சார்ஜ், கன்னியக்கோயில் வருவதற்குள் 63. நான் தூங்கியிருக்கிறேன், அது தூங்கவில்லை.

அன்றிலிருந்து இதைத் துருவியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கானது. மெக்கானிக்கிடம் போகும் முன் லேப்டாப்பிடமே கேட்டுவிடலாம். யார் எழுப்பினார்கள், யார் தூங்க விடவில்லை என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

முதலில் மூடி. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் என்று போனால் இடது பக்கம் ‘சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்’ என்று இருக்கும். அதில் இரண்டு பத்தி: பேட்டரியில் ஓடும்போது என்ன செய்ய, சார்ஜர் சொருகியிருக்கும்போது என்ன செய்ய. என்னுடையதில் பேட்டரிக்கு ஸ்லீப், சார்ஜருக்கு ‘டூ நத்திங்’. அதை வைத்தவனும் நான்தான். கடையில் பெரிய மானிட்டரில் ஒயரை மாட்டி, லேப்டாப்பை மூடிவைத்து வேலை செய்வதற்காக என்றோ மாற்றியது, மறந்தே போயிற்று.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூடியை மூடும் அந்த நொடியில் சார்ஜர் இருக்கிறதா என்றுதான் விண்டோஸ் பார்க்கிறது. நான் கிளம்பும் அவசரத்தில் மூடியை மூடுவேன், அப்புறம் சார்ஜரைப் பிடுங்குவேன், பையில் போடுவேன். மூடிய நேரத்தில் சார்ஜர் இருந்ததால் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளைதான் நடந்தது. பிறகு பிடுங்கினால் அது திரும்ப யோசிப்பதில்லை. சும்மா கிடக்கும் நேரம் முடிந்து தானாகத் தூங்கினால்தான் உண்டு. இப்போது கையின் வரிசையை மாற்றிவிட்டேன்: முதலில் சார்ஜர், பிறகு மூடி. உங்களுக்கு மானிட்டர் வேலை இல்லை என்றால் இரண்டு பத்தியிலும் ஸ்லீப் என்று வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

எனக்குத் தீரவில்லை. நாலு நாள் ஒழுங்காக இருந்தது, ஐந்தாம் நாள் பை மறுபடி சூடு.

இந்த இடத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ‘டெர்மினல் அட்மின்’ திறங்கள். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றெழுத்தையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஆங்கிலத்தில் அடியுங்கள். பிறகு ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டி ‘லாஸ்ட்வேக்’, அதுவும் ஒரே சொல். எண்டர். கடைசியாக எழுப்பியது எது என்று சில வரிகள் வரும். எனக்கு ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ என்று வந்தது. அதாவது யூஎஸ்பி வழியாக ஏதோ ஒன்று. வாசல் கதவு தட்டப்பட்டது தெரிகிறது, தட்டியவர் முகம் தெரியவில்லை.

முகத்தைப் பார்க்க அதே கட்டளையில் லாஸ்ட்வேக்குக்குப் பதில் ‘டிவைஸ்குவெரி’ (இதுவும் ஒரே சொல்), ஒரு இடைவெளி, ‘வேக்’, ஓர் அடிக்கோடு, ‘ஆர்ம்டு’ என்று போட வேண்டும். எழுப்பும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியல் இது. மவுஸ் இருந்தது. உடனே விளங்கிவிட்டது. என் வயர்லெஸ் மவுசின் குட்டி ரிசீவர் லேப்டாப்பிலேயே சொருகிக் கிடக்கும். மவுசின் அடியில் உள்ள ஸ்விட்சை அணைக்காமல் அதே பையில் போடுவேன். அரியாங்குப்பத்திலிருந்து எத்தனை வேகத்தடை இருக்கிறதோ அத்தனை தடவை மவுஸ் ஆடும், லேப்டாப் ‘ஐயா கூப்பிட்டீர்களா’ என்று எழும்.

டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் தேடி, ப்ராப்பர்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் போய் ‘அலோ திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்’ என்ற டிக்கை எடுத்தேன். அப்படியும் ஒருமுறை எழுந்தது. பட்டியலைத் திரும்பப் பார்த்தால் கீபோர்டு என்று ஒன்றுக்கு இரண்டாக நிற்கிறது. சில ரிசீவர்கள் மவுஸ், கீபோர்டு இரண்டாகவும் தங்களைப் பதிவு செய்துகொள்ளும். அந்த டிக்கையும் எடுத்த பிறகுதான் அடங்கியது. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டின் டிக் தவறிப்போய் எடுபட்டாலும் பயமில்லை, பவர் பட்டனை அமுக்கினால் எழுந்துகொள்ளும்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தானே வெளிச்சம் போட்டு வீட்டுக்காரியை மிரட்டுகிற லேப்டாப் என்றால் காரணம் வேறு. ஏதாவது ஒரு வேலை அந்த நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கும். சாய்கோட்டுக்குப் பிறகு ‘வேக்டைமர்ஸ்’ என்று போட்டால் காத்திருக்கும் அலாரங்கள் தெரியும். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு செட்டிங்கில், ஸ்லீப் என்ற கிளையில், ‘அலோ வேக் டைமர்ஸ்’ இருந்தால் அதை டிஸேபிள் செய்துவிடுங்கள்.

தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது மூன்றாவது ரகம். நான் போகும் பாத்திரக்கடை அண்ணனின் லேப்டாப் அப்படி. பத்து நிமிஷத்தில் தூங்கச் சொல்லியிருந்தும் ராத்திரி முழுக்க விழித்திருக்கும். போனில் கேட்டார். ‘அண்ணே, அதே கட்டளைதான், கடைசியில் ரிக்வெஸ்ட்ஸ்னு அடிங்க’ என்றேன். ‘சிஸ்டம்னு போட்டு ஏதோ ஆடியோ ஸ்ட்ரீம்ங்கிதுப்பா’ என்றார். காலையில் கடை திறக்கும்போது பிரவுசரில் போட்ட சுப்ரபாதம், சத்தத்தைக் குறைத்துவிட்டதால் யாருக்கும் கேட்காமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டு ஓடும்வரை விண்டோஸ் தூங்காது. ‘சாமி பாட்டாலயா!’ என்று அவருக்கு மனசே இல்லை. மூடிவிட்டார், தூங்கியது.

இனி ஹைபர்நேட். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஸ்லீப்பில் எல்லாம் மெமரியில்தான் கிடக்கும், அதைக் காப்பாற்றக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஹைபர்நேட் அப்படியல்ல. மெமரியில் இருப்பதை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணைந்துவிடும். ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்தில் நிற்கும். இதற்கென்று விண்டோஸ் வழக்கமாக ரேமில் சுமார் 40 சதவீத அளவுக்கு ஒரு கோப்பை சி டிரைவில் வைத்துக்கொள்கிறது. 8 ஜிபி ரேம் என்றால் 3 ஜிபிக்குச் சற்று மேல். ‘அது வீண் இடம், எடுத்துடுங்க’ என்று ஒருவர் சொல்ல, நானும் ஹைபர்நேட்டையே அணைத்து வைத்திருந்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடையின் சரக்கு இருப்பை எக்செல்லில் பாதி ஏற்றிவிட்டு, சேமிக்காமல் அப்படியே மூடிவைத்திருந்தேன். கரண்ட் போனது, சீக்கிரம் வரவில்லை. என்னுடையது வயதான பேட்டரி, எத்தனை நேரம் தாங்கும்? கரண்ட் வந்து திறந்தபோது லேப்டாப் புதிதாகப் பிறந்தது போல் லோகோ காட்டியது. அந்த இருப்புப் பட்டியலைத் திரும்ப எண்ணி ஏற்ற எனக்கும் கடைப் பையனுக்கும் இரண்டு நாள். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு, போட வேண்டிய வேலை வேறு தலைக்கு மேல்.

திரும்பக் கொண்டுவர, அதே கட்டளையில் சாய்கோட்டை ஒட்டி ‘ஹைபர்நேட்’, இடைவெளி, ‘ஆன்’. பிறகு மூடிக்கான அதே பக்கத்தில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்’ என்பதை அழுத்தினால் கீழே உள்ள டிக் கட்டங்கள் உயிர்பெறும். ஹைபர்நேட்டுக்கு டிக் போட்டு சேவ் செய்யுங்கள். இப்போது என்னுடையதில் பேட்டரியில் மூடினால் ஹைபர்நேட். திறக்கும்போது ஸ்லீப்பைவிடச் சில நொடி அதிகம் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாய் டீ குடிக்கும் நேரம். பஸ் பயணக்காரர்கள் எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

புது லேப்டாப் வாங்கியவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அதே கட்டளையில் சாய்கோடு போட்டு ‘ஏ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை அடித்தால் உங்கள் லேப்டாப்புக்கு என்னென்ன தூக்கம் தெரியும் என்று காட்டும். என்னுடையதில் எஸ்3, பழைய மாதிரி ஆழ்ந்த உறக்கம். இப்போது வரும் பலவற்றில் ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ என்றுதான் இருக்கும். இது போனைப் போல. திரை அணைந்திருக்கும், உள்ளே இணையம், மெயில் என்று அவ்வப்போது ஏதாவது நடந்துகொண்டிருக்கும். கோழித் தூக்கம். பையில் சூடானால் ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று அடியுங்கள். கடந்த மூன்று நாளுக்கு ஓர் அறிக்கை தயாராகி, எங்கே வைத்திருக்கிறது என்று ஒரு வரி காட்டும். அதை பிரவுசரில் திறந்தால் எந்தத் தூக்கத்தில் எவ்வளவு சார்ஜ் போனது, அதிகம் விழித்திருந்தது எது என்று தெரியும். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் எஸ்3 திரும்பிவிடும் என்று சொல்வார்கள். லேப்டாப்பின் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) எஸ்3 இல்லை என்றால், மாற்றிய பிறகு ஸ்லீப் என்ற தேர்வே காணாமல் போய்விடும். அதைத் தொடாமல் மூடிக்கு ஹைபர்நேட் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணைகிறது என்று நினைக்காதீர்கள். சீக்கிரம் திறப்பதற்கான ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதி ஆன் ஆகி இருந்தால் விண்டோஸின் உட்பகுதி ஹைபர்நேட் ஆகித்தான் கிடக்கும். ஏதாவது டிரைவர் (உறுப்புகளை இயக்கும் மென்பொருள்) கிறுக்குப் பிடித்து ஸ்லீப் கெட்டுப்போனால் ஷட் டவுன் செய்து பத்து முறை போட்டாலும் அப்படியே இருப்பது அதனால்தான். ரீஸ்டார்ட் கொடுங்கள், இல்லை ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள்.

மவுசின் அடி ஸ்விட்சை இப்போதெல்லாம் அணைத்துவிட்டுத்தான் பையில் போடுகிறேன். டிக் எடுத்தாயிற்று, தேவையில்லைதான், கை கேட்பதில்லை.