உலக உருண்டையில் நூல் பிடித்து உர்தனேத்தாவின் வழியை அறிவது எப்படி

ஒரு உலக உருண்டை, வெள்ளை நூல், சிவப்பு நூல், செலோடேப். இவ்வளவு போதும். தட்டை வரைபடம் வேண்டாம். நான் பல வருடம் அதை வைத்துத்தான் பார்த்தேன். பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோவுக்குத் திரும்ப மாலுமி உர்தனேத்தா ஏன் ஜப்பான் பக்கம் ஏறிப்போய்ச் சுற்றினார் என்று விளங்கவே இல்லை.

ஆந்த்ரெஸ் தே உர்தனேத்தா 1508-இல் ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டின் ஒர்திசியாவில் பிறந்தவர். 1525-இல், பதினேழு வயதில், உலகைச் சுற்றி வந்த எல்கானோவின் பணியாளாகக் கப்பல் ஏறினார். எல்கானோவும் பாஸ்க்காரர்தான். மறுவருடம் பசிபிக் நடுவே எல்கானோ சாகக் கிடந்தபோது எழுதிய உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் இந்தப் பையனும் ஒருவன். பிறகு இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பல ஆண்டுகள். 1536-இல் லிஸ்பனில் இறங்கியதும் அவருடைய வரைபடங்களையும் குறிப்புகளையும் போர்த்துகீசியர் பறித்துக்கொண்டார்கள். ஸ்பெயினுக்குப் போய் எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்தே எழுதிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு மதிப்பு வந்த இடம் இதுதான்.

இப்போது வெள்ளை நூல். ஒரு நுனியைப் பிலிப்பைன்ஸின் செபுவில் ஒட்டுங்கள், மறுநுனியை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கு இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். செபு வடக்கே 10 பாகை, அகாபுல்கோ 17. நூலோ நடுவில் சுமார் 33 பாகைவரை தானாகவே ஏறி, ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே போகும். மிகக் குறுகிய வழியே வடக்கே வளைந்துதான் இருக்கிறது! 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் இந்த நூல் ஏறக்குறைய 34 செ.மீ. வரும்.

ஆனால் பாய்மரக் கப்பலுக்குத் தூரம் பெரிய விஷயமில்லை, காற்றுதான் விஷயம். பென்சிலால் லேசாக அம்புக்குறி போடுங்கள். 10 முதல் 25 பாகைவரை காற்று கிழக்கிலிருந்து வீசும். ஆசியாவுக்குப் போகும்போது அது கப்பலைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். 35-க்கு மேலே காற்று மேற்கிலிருந்து வரும். ஜப்பானை ஒட்டிக் குரோஷியோ நீரோட்டம் வடகிழக்கே ஓடுகிறது, அதற்கும் ஒரு அம்பு. 1522 முதல் 1545 வரை ஸ்பானியர் ஐந்து முறை ஆசியாவிலிருந்து இந்தக் கடல் வழியே திரும்ப முயன்று தோற்றார்கள். வடக்கே ஏறினால் மட்டும் போதாது, புறப்படும் மாதமும் சரியாக அமைய வேண்டும். 1522-இல் திரினிதாத் என்ற கப்பல் 40 பாகையைத் தாண்டியும் புயலில் சிக்கித் திரும்பியது.

உர்தனேத்தா 1565 ஜூன் 1 அன்று செபுவிலிருந்து சான் பெத்ரோ கப்பலில் புறப்பட்டார். அப்போது அவர் அகஸ்தீனியத் துறவி, வயது ஐம்பத்தேழு. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம் அது. முதல் தள்ளு பின்னாலிருந்தே கிடைத்தது.

சிவப்பு நூலை 47 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள், அவர் கடந்த ஏறக்குறைய 20,000 கி.மீ. அது. செபுவிலிருந்து சான் பெர்னார்தினோ நீரிணை வழியாக வெளியே வந்து, வடகிழக்கே சுமார் 39 பாகைவரை ஏற்றி, கிழக்கே திருப்பிக் கலிபோர்னியாவில் ஒட்டுங்கள். பிறகு கரையோரமாக அகாபுல்கோ. நூல் கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் பரவாயில்லை. அவர்களுக்கும் தீர்க்கரேகையை அளக்க வழியில்லை, சூரியனின் உயரத்தைப் பார்த்து அட்சரேகையை மட்டும்தான் கணித்தார்கள்.

உர்தனேத்தா மெக்சிகோவிலிருந்து வந்த கப்பல் கூட்டத்திலிருந்து பிரிந்த சான் லூகாஸ் என்ற சிறு கப்பல், அரெல்லானோவின் தலைமையில், இரண்டு மாதம் முன்பே மெக்சிகோ சேர்ந்துவிட்டது. அதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆனாலும் மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே 1815 வரை போய்வந்த ஸ்பானிய வணிகக் கப்பல்களுக்கு வழியாக நின்றது உர்தனேத்தாவின் பாதை.

கடைசியாக, சிவப்பு நூல்மேல் விரலை மெதுவாக நகர்த்துங்கள். மொத்தம் 130 நாள், ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று நாள். நீலத்தின்மேல் விரல் எவ்வளவு நேரம் போகிறது பாருங்கள், ஒரு தீவுகூடத் தட்டுப்படாது. செப்டம்பர் 18 அன்று கலிபோர்னியக் கரை. அங்கிருந்து மீதி ஏழு சென்டிமீட்டர்தான். அந்த ஏழு சென்டிமீட்டருக்குள்தான் கப்பலின் வழிகாட்டி எஸ்தேபான் ரோட்ரிகேஸ் இறந்துபோனார். அக்டோபர் 8 அன்று சான் பெத்ரோ அகாபுல்கோவுக்குள் நுழைந்தபோது அவர் இல்லை.