மஞ்சப்பைக்குள் நான்கு பந்துகள்: சிறு குழந்தைகளுக்குப் பந்து வகைகளை விளையாட்டாகக் கற்றுத்தரும் முறை

குழந்தைக்குப் பந்து வகைகளைச் சொல்லித்தர நினைக்கும் பெற்றோர் பலரும் படம் போட்ட அட்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த அட்டையில் மேசைப்பந்தும் கால்பந்தும் ஒரே அளவில் அச்சாகியிருக்கும். எது கனம், எது துள்ளும் என்பது எதுவும் அதில் தெரியாது. குழந்தை பெயர்களை மளமளவென்று ஒப்பிக்கும், ஆனால் பந்தை அறிந்திருக்காது. என் நான்கு வயது மகளுடனும், அவளோடு விளையாட வரும் பக்கத்து வீட்டுச் சிறுவனுடனும் நான் கடைப்பிடித்த முறையில் பெயர் கடைசியில்தான் வரும். பந்து கையில் எப்படி இருக்கிறது, தரையில் என்ன செய்கிறது என்பதைக் குழந்தையே முதலில் கண்டுகொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு படி, கால் மணி நேரம் போதும்.

படி 1: பந்துகளைச் சேர்த்தல்

ஒரு டென்னிஸ் பந்து, ஒரு மேசைப்பந்து, ஒரு பூப்பந்து, பழைய கிரிக்கெட் தோல் பந்து ஒன்று, சிறிய கால்பந்து ஒன்று என ஐந்து பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். கால்பந்தில் பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து 68 முதல் 70 செ.மீ. சுற்றளவும் 410 முதல் 450 கிராம் எடையும் கொண்டது என்பதால் குழந்தைக்கு அது வேண்டாம். 3ஆம் எண் பந்தை வாங்குங்கள். பூப்பந்தைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். தஞ்சாவூரில் பிறந்த அந்த ஆட்டத்தின் மஞ்சள் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம் வரைதான் இருக்கும். அதன் தொடுஉணர்வு வேறு எந்தப் பந்திலும் இல்லை.

பாதுகாப்பு பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான பந்து 44.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து போகும் அளவுக்குச் சிறிதாக இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பொம்மைப் பாதுகாப்பு விதி. தொண்டையில் சிக்கி மூச்சடைக்கும் ஆபத்தே அதற்குக் காரணம். மேசைப்பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர்தான். ஆகவே வீட்டில் கைக்குழந்தை இருந்தால், விளையாட்டு முடிந்தவுடன் எண்ணிப் பார்த்து எடுத்து வைத்துவிடுங்கள். கிரிக்கெட் பந்தைக் குழந்தை உட்கார்ந்த நிலையில் மட்டுமே தொடட்டும். கால் விரலில் விழுந்தால் நன்றாகவே வலிக்கும்.

படி 2: பைக்குள் கைவிட்டுத் தேடுதல்

கால்பந்தைத் தனியே வைத்துவிட்டு (அதன் பருமனே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்), மற்ற நான்கையும் ஒரு மஞ்சப்பைக்குள் போடுங்கள். குழந்தை எட்டிப் பார்க்காமல் கையை உள்ளே விட்டு ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு, அது எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 'இது என்ன பந்து?' என்று கேட்காதீர்கள். 'சொரசொரப்பா, வழவழப்பா? அமுக்கினால் அமுங்குகிறதா?' என்று கேளுங்கள். என் மகள் டென்னிஸ் பந்தைத் தடவிவிட்டு, "அம்மா, இதுக்கு முடி இருக்கு!" என்றாள். பக்கத்து வீட்டுச் சிறுவன் கிரிக்கெட் பந்தின் தையலை நகத்தால் மெதுவாக வருடிக்கொண்டே இருந்தான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவனை அவசரப்படுத்தவில்லை. இந்தக் கட்டத்தில் குழந்தை தானாகச் சொல்லும் சொல் எதுவாயினும் அதையே அந்தப் பந்தின் அன்றைய பெயராக வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது இரண்டு நாள் 'முடிப்பந்து'தான்.

படி 3: விழவிட்டுப் பார்த்தல்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையை ஒட்டிய சுவரில், ஒரு மீட்டர் உயரத்தில் வண்ண டேப்பால் கோடு ஒட்டுங்கள். எந்தப் பந்தாக இருந்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் விடவேண்டும். எறியக் கூடாது, கையைத் திறந்தால் போதும். உயரம் மாறினாலோ, ஒன்றை எறிந்து மற்றதை விட்டாலோ எது எதனால் துள்ளியது என்று குழந்தைக்குப் புரியாமல் போய்விடும்.

ஒவ்வொரு பந்தையும் விடுமுன், அது எவ்வளவு உயரம் எழும் என்று குழந்தை தன் உடம்பில் தொட்டுக் காட்டட்டும்: முழங்காலா, இடுப்பா, தோளா. பிறகு விட்டுப் பார்த்து, எழுந்த உயரத்தில் சுவரில் சிறிய டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பெரிய பந்துதான் உயரமாகத் துள்ளும் என்று என் மகள் உறுதியாக நம்பியிருந்தாள். ஐந்திலும் எடை குறைந்ததான, 2.7 கிராமே உள்ள மேசைப்பந்து டென்னிஸ் பந்தையும் தாண்டி எழுந்தபோது அவள் அதை இன்னும் ஆறு தடவை விடச் சொன்னாள். ஆட்ட விதிகளிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது: 254 செ.மீ. உயரத்திலிருந்து விழும் டென்னிஸ் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும், அதாவது பாதிக்குச் சற்று மேல். மேசைப்பந்தோ சுமார் 30 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து 24 முதல் 26 செ.மீ. எழ வேண்டும். பூப்பந்து தரையைத் தொட்டதும் ஏறக்குறைய அடங்கிவிடும். கிரிக்கெட் பந்தை மட்டும் நீங்களே விடுங்கள். டைல்ஸ் தரையாக இருந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள், இல்லையேல் தரை கீறலாம்.

பழைய டென்னிஸ் பந்து ஒன்று கிடைத்தால் புதியதோடு சேர்த்து விட்டுக் காட்டுங்கள். உள்ளே அழுத்தத்தோடு இருந்த காற்று நாளடைவில் கசிந்துவிடுவதால் பழையது குறைவாகவே எழும்.

படி 4: உருட்டுதல்

தலையணையின் மேல் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து உருட்டினால் போதும். வீட்டில் இறகுப்பந்து இருந்தால் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து என்று நாம் அழைக்கும் அது நேராக உருளாமல் தன் தலையை மையமாக வைத்து வட்டமடிக்கும். 'அப்படியானால் இது பந்தா, இல்லையா?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள்.

படி 5: தண்ணீர் வாளி

எது மிதக்கும், எது மூழ்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களே தவறிப்போகும் இடம் கிரிக்கெட் பந்துதான். அதன் எடை 156 முதல் 163 கிராம், ஆனால் 22.4 செ.மீ.க்குக் குறையாத சுற்றளவுள்ள அந்தப் பந்து முழுவதும் அமிழ்ந்தால் ஏறக்குறைய 190 கிராம் தண்ணீரை விலக்க வேண்டியிருக்கும். விலகும் தண்ணீர் பந்தைவிடக் கனமானது என்பதால் அது பெரும்பகுதி மூழ்கியபடி மிதக்கும். பக்கத்தில் ஒரு கோலிக்குண்டைப் போட்டால் சட்டென்று அடியில் போய்விடும். நனைந்த தோல் பிறகு ஆட்டத்துக்கு உதவாது என்பதால், நல்ல பந்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். குழந்தையைத் தண்ணீர் வாளியருகே தனியே விட்டுவிட்டு எழுந்து போகவும் கூடாது.

படி 6: பெயர் சொல்லுதல்

இப்போது பெயர்களைச் சொல்லலாம். பெயரோடு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'மேசைமேல் துள்ள வேண்டும், அதனால் இது இலேசான மேசைப்பந்து. தரையில் விழவிடாமல் மட்டையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் இது துள்ளாத பூப்பந்து.' காரணத்தைக் கையால் உணர்ந்திருக்கும் குழந்தைக்குப் பெயர் உடனே பிடிபட்டுவிடும்.

படி 7: தானே ஒரு பந்து செய்தல்

முதலில் பழைய டென்னிஸ் பந்தை நீங்களே கத்தியால் இரண்டாக அறுத்து, உள்ளே ஒன்றுமில்லாமல் ரப்பர் ஓடு மட்டுமே இருப்பதைக் காட்டுங்கள். தையல் பிரிந்த கிரிக்கெட் பந்து இருந்தால், தக்கையின் மேல் நூல் சுற்றியிருப்பதையும் காட்டலாம். பிறகு கிழிந்த பருத்திப் பனியனை உருட்டிக் கொடுத்து, அதன்மேல் நூலைச் சுற்றச் சொல்லுங்கள். நீங்கள் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால் குழந்தை நூலை இழுத்து இழுத்துச் சுற்றும். கோணல்மாணலாகத்தான் வரும், சரிசெய்யாதீர்கள்.

என் மகள் தன் துணிப்பந்தை எடுத்துக்கொண்டு நேரே அந்தச் சுவருக்குப் போனாள். கோட்டிலிருந்து விட்டாள், அது தொப்பென்று விழுந்து அங்கேயே கிடந்தது. டேப் துண்டு ஒன்றை வாங்கி, தரையை ஒட்டி, சுவரின் அடிவிளிம்பில் ஒட்டினாள்.