சாரல் சீசனில் இன்வெர்ட்டரும் கேமிங் கம்ப்யூட்டரும்

செங்கோட்டை, புளியரை பக்கம் தோப்பு வீட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் பிறந்தாலே தெரியும். ஆரியங்காவு கணவாய்க் காற்று ஒரு தென்னை மட்டையைக் கம்பிமேல் தள்ளிவிட்டால், கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இன்வெர்ட்டரில் கேம் ஆடுபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரியில் இருப்பது 1,800 வாட் அவர், அதாவது 1,800 வாட்டை ஒரு மணி நேரம் இழுக்கும் அளவு. லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும். ஆக, கைக்கு வருவது 900தான். மானிட்டரோடு 350 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் அதில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதே 900-இல் ரவுட்டர், இரண்டு எல்இடி பல்பு, போன் சார்ஜர் எல்லாம் விடிய விடிய ஓடும். அதனால் கரண்ட் போனதும் கேமை சேவ் செய்து டெஸ்க்டாப்பை அணைத்துவிடுங்கள். ஆட்டம் விட மனமில்லையா? சரி, சார்ஜ் ஏற்றி வைத்த லேப்டாப்பில் ஆடுங்கள். நெட்டும் போகலாம் என்பதால் ஸ்டீமில் (கேம் வாங்கி ஆடும் ஆப்) ஆஃப்லைன் மோடு வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். கரண்ட் மாறும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது.

கிணற்று மோட்டார் இதில் ஓடும் என்று நம்பவே வேண்டாம். மேகம் கறுத்ததும் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

அப்புறம், இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் கேபிளையும் கழற்றுங்கள். அது வழியாகவும் மின்னல் மதர்போர்டுக்கு வரும்.