பியர்டட் டிராகன் சோர்ந்து படுத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

பியர்டட் டிராகன் என்கிற இந்த ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஓணானுக்குக் காரைக்குடி வெயிலில் என்ன நோய் வந்துவிடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆத்தங்குடிக் கல் பாவிய குளுகுளு அறையில், கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பதற்கு அந்த வெயிலால் பிரயோஜனமில்லை, ஏனென்றால் வெயிலில் இருக்கும் யுவிபி என்கிற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும், அந்தக் கதிர் இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது.

எங்களுடையதற்கு முதலில் பின்னங்கால் விரல்தான் விட்டுவிட்டுத் துடித்தது. அப்புறம் கீழ்த்தாடையைத் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்கியது. எலும்பு மெலியும் நோய். இந்த நிலைக்கு வந்துவிட்டால் கால்சியம் பொடி மட்டும் போதாது, ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை டாக்டரிடம் போய்விடுங்கள். வீட்டில் யுவிபி விளக்கு (எரிந்தாலும் 6 முதல் 12 மாதத்தில் மாற்றுங்கள்), தொட்டிக்குள் அது சூடு காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், தின்னக் கொடுக்கும் பூச்சிமேல் கால்சியம் பொடி. பாலக்கீரை வேண்டாம், கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். காலையில் முற்றத்து வெயிலில் விடலாம், நிழலும் இருக்கட்டும், காக்கா வரும், பக்கத்திலேயே உட்காருங்கள்.

சூட்டில் வாயைத் திறந்து கிடப்பது சாதாரணம்தான். குளிர்ந்த மூலையிலும் திறந்தபடி, மூக்கில் சளியும் தெரிந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே கிளம்புங்கள். நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.